ஆட்டுக்குப் பிறகு வரும் பாடம்

கிளரன்சின் காரை ஒருமுறை கிளப்பினால் பிறகு நிற்பாட்டக் கூடாது. நிற்பாட்டினால் திரும்பக் கிளப்பப் பெற்றோல் வேண்டும். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில், யுத்தகாலத் தடையால், பருத்தித்துறையில் பெற்றோலைக் கண்ணால் கண்டவர்கள் குறைவு. கிளரன்ஸ் அதை ஒரு சின்ன இருமல் மருந்துப் போத்தலில் ஊற்றி, சட்டைப் பையில் பொத்திக்கொண்டு திரிந்தார். காலையில் பொனற்றைத் திறந்து காபரேற்றருக்குள் நாலு சொட்டு விடுவார். எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். அதன் பிறகு அந்தப் பழைய ஒஸ்ரின் கார் புகைத்துப் புகைத்து யாழ்ப்பாணம் வரைக்கும் போய்ச் சேரும். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கவே ஏறி இறங்க வேண்டும். "கெதியா, கெதியா" என்பதுதான் அந்தக் காரின் வரவேற்பு.

நான் அதில் தினப் பயணி. பெயர் இராசநாயகம். கோப்பாயில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடையில் கிளாக்கர். கிளரன்ஸ் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி என்னுடைய வீடு. காலை வேளையில் யாரும் வாய் திறந்தால் எனக்குப் பிடிக்காது. அப்படிப்பட்ட என் தலையில்தான் ஒவ்வொரு நாளும் விடியற்புறத்தில் மருந்துப் பாடம் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

கிளரன்ஸ் பிறவிச் சாரதி அல்ல. பதினாறு வருடம் செபநாயகத்தாரின் மருந்துக்கடையில் நின்றவர். குளிசை எண்ணிக் கட்டுவதிலிருந்து மருந்து கலக்குவது வரை அவர் கைதான். ஆனால் லைசென்ஸ் செபநாயகத்தாரின் பெயரில் இருந்தது. போன வருடம் அவர் கண்ணை மூடியதும் கடையையும் மூட வேண்டி வந்தது. பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிய மருந்தாளர் ஒருவர் இல்லாமல் கடை திறக்க விடமாட்டார்கள். செபநாயகத்தாரின் பெண்சாதி மரியநாயகி நல்ல மனுசி. பிழைப்புக்குக் காரைக் கொடுத்தாள். ஒரு வாக்கும் கொடுத்தாள்.

"தம்பி, மார்கழி வரைக்கும் பாப்பன். சோதினை பாஸ் பண்ணிக்கொண்டு வந்தீர் எண்டால் கடைத் திறப்பு உம்மடை கையிலை. இல்லாட்டி நான் வித்துப்போட்டு மகனோடை போய் இருக்க வேண்டியதுதான்."

சோதனை இரண்டு தரம் தள்ளிப் போயிற்று. ஒருமுறை வினாத்தாள் வந்து சேரவில்லை. மறுமுறை யாழ்ப்பாணப் பட்டணத்தில் குண்டு விழுந்தது. மூன்றாம் முறை நவம்பர் ஆறாம் திகதி சனிக்கிழமை என்று அறிவித்தார்கள். இதுவும் தவறினால் மார்கழிக்குள் இன்னொன்று வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

படிக்க நேரம் எங்கே இருக்கிறது? இருட்டு விலக முன் வெளிக்கிட்டால் கிளரன்ஸ் பொழுதுபடத்தான் வீடு வருவார். அதற்குப் பிறகு ஜாம் போத்தல் விளக்குத்தான். வெள்ளெழுத்துக் கண்ணாடி உடைந்து ஆறு மாதம். அடுத்த கண்ணாடிக்கு வழியில்லை. அவருடைய மனைவி சுகிர்தம் ரீச்சர்தான் யோசனை ஒன்று கண்டுபிடித்தா. செபநாயகத்தாரின் கசெற் ரேடியோவை வாங்கி வந்து, கார் டாஷ்போட்டில் சைக்கிள் ரியூப்பால் கட்டி, கார் பற்றறியிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார்கள். கறன்ற் இல்லை, ரோர்ச் பற்றறி இல்லை என்றிருந்த அந்தக் காலத்தில் வீட்டில் கசெற் பாடக்கூடிய இடம் கார் ஒன்றுதான். பதியக்கூடிய இடமும் அதுதான். சனிக்கிழமை பின்னேரங்களில் ரீச்சர் முன்சீற்றில் ஏறி இருந்து, இங்கிலிஸ் நோட்சைத் தமிழாக்கி வாசிப்பா. பற்றறி இறங்காமல் இருக்க எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே கசெற்றுக்குள்ளும் ஒஸ்ரின் காரின் உறுமல், வெளியிலும் ஒஸ்ரின் காரின் உறுமல். நடுவில் ரீச்சரின் குரல், வகுப்பில் படிப்பிக்கிற அதே கண்டிப்போடு வரும். கோயில் மணி அடிப்பதும் காகம் கத்துவதும் அதில் பதிந்திருந்தன.

நச்சுப் பாடத்தில் கிளரன்சுக்கு எப்போதும் தடுமாற்றம். அதனால் ஐப்பசி முழுவதும் காலையில் அந்தப் பக்கம்தான். பொழுதுபட்டதும் போல்பொயின்ற் பேனையைக் கசெற்றின் பல்லில் கொளுவிச் சுழற்றி ஆரம்பத்துக்குக் கொண்டுவந்து வைத்துவிடுவார். ஆகவே பாடம் எங்கே எந்த வரி என்று எங்களுக்குப் பாடமாகிவிட்டது. மந்திகையில் அளவுகள். நெல்லியடியில் நச்சுப் பொருள்கள். வல்லை வெளியில் காற்று வந்து கதவை அடிக்கும்போது முதலுதவி.

"நஞ்சை விழுங்கிய ஒருவருக்கு, அவர் உணர்வோடு இருந்தால், உப்பு நீர் கொடுத்து உடனே வாந்தி எடுக்கச் செய்தல் வேண்டும்."

அடுத்து ஆடு வரும். வாசித்துக்கொண்டிருந்த ரீச்சர் அடித்தொண்டையில் கத்துவா: "ஐயோ, ஆடு பயித்தங்கொடிக்குள்ளை! இஞ்சாருங்கோ, ஆட்டைப் பிடியுங்கோ!" கதவு படாரென்று அடிபடும். ரீச்சர் ஓடுவா. மூன்று நான்கு நிமிடத்துக்கு வெறும் எஞ்சின் சத்தமும், எங்கோ தூரத்தில் "பிடி, பிடி" என்ற குரலும், ஆடு கத்துவதும் மட்டும்தான். கசெற் கிடையாத காலம். திரும்பிப் பதிய இடமில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்த ஆட்டுக்காகவே பயணம் செய்கிற ஒருத்தி இருந்தாள். தங்கமுத்து. அச்சுவேலிக்காரி. புருசன் கடலில் போய்த் திரும்பாதவன். விடியமுன்னமே பருத்தித்துறைக்கு வந்து மீன் எடுத்து, பெட்டியை டிக்கியில் வைத்து, எங்களோடு அச்சுவேலிச் சந்தைக்கு வருவாள். மீன் மணத்துக்கு நான் முகம் சுழிப்பேன். அவள் அதைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளமாட்டாள். ஆட்டுச் சத்தம் தொடங்கும்போது கார் அச்சுவேலிக்குக் கிட்ட வந்திருக்கும்.

"இந்தா, ரீச்சற்றை ஆடு வந்திட்டுது. என்ரை ஹோல்ட்டும் வந்திட்டுது" என்று சிரித்துக்கொண்டே இறங்குவாள்.

ஒவ்வொரு நாளும் ஆட்டோடு இறங்கிவிடுவாள். ஆட்டுக்குப் பிறகு வருவதை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவளைப் பொறுத்தவரை பாடம் ஆட்டோடு முடிந்தது.

நான் கிளரன்சைச் சீண்டுவேன். "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் எண்டு சொல்லுவினம். நீர் இன்னும் காலுக்கும் வரேல்லை" என்பேன். அவர் சிரிப்பார். அந்தச் சொல்லை இப்போது நினைத்தாலும் எனக்கு நாக்குக் கூசுகிறது.

சோதனைக்கு இரண்டு கிழமை இருந்தது. மழை பிடித்துவிட்டது. பின்னேரம் மூன்றரை மணியிருக்கும், பட்டணத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அச்சுவேலிச் சந்தியில் தங்கமுத்து நடு றோட்டில் நின்று கையைக் காட்டினாள். இடுப்பில் அவளுடைய நாலு வயது மகள் யசோ. பிள்ளையின் தலை அவள் தோளில் தொங்கிக் கிடந்தது.

"அண்ணை, மந்திகை ஆசுபத்திரிக்கு விடுங்கோ! பிள்ளை சோடாப் போத்தில்லை இருந்த மண்ணெண்ணையைக் குடிச்சுப்போட்டுது!"

முன்சீற்றில் ஏறி இருந்தாள். பிள்ளை மூச்சுக்கு மூச்சு இருமியது. வாயிலும் சட்டையிலும் மண்ணெண்ணெய் மணம். அந்தக் காரில் மண்ணெண்ணெய் மணம் புதிதல்ல. ஆனாலும் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து அது வந்தபோது நான் கார்க் கண்ணாடியை இறக்கினேன்.

தங்கமுத்து பிள்ளையின் வாயை முந்தானையால் துடைத்தாள். குரலில் ஒரு தைரியம் இருந்தது.

"நான் பாத்துக்கொண்டு நிக்கேல்லை அண்ணை. ரீச்சர் கசெற்றிலை சொன்ன மாதிரியே செய்தன். உப்புத்தண்ணியைப் பருக்கி, விரலை விட்டு, ரெண்டு தரம் சத்தி எடுக்கப் பண்ணிப்போட்டன். எல்லாம் வெளியாலை வந்திட்டுது. இனிப் பயமில்லைத்தானே? சொல்லுங்கோ அண்ணை, இனிப் பயமில்லைத்தானே?"

கிளரன்ஸ் அக்சிலேற்றரை மிதித்தார். ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்த அவருடைய விரல் மூட்டுகள் வெளுத்துப்போனதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். கசெற்றில் மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இருமல் மருந்து வகைகளைப் பற்றி ரீச்சர் நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தா. பிள்ளை இருமிக்கொண்டிருந்தது. கிளரன்ஸ் கையை நீட்டிக் கசெற்றைப் பிடுங்கிப் பின்னால் என் மடியில் போட்டார்.

வல்லை வெளியில் ஆமி ஹெலிகொப்ரர் ஒன்று தொண்டைமானாற்றுப் பக்கமாகச் சுற்றியது. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டால் காரை விட்டிறங்கிப் பற்றைக்குள் படுப்போம். அன்றைக்குக் கிளரன்ஸ் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கார் தன் ஆயுளில் ஓடாத வேகத்தில் ஓடியது.

ஆட்டுக்குப் பிறகு என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும். நான் ஒவ்வொரு நாளும் கோப்பாய் வரைக்கும் போகிறவன். "ஆனால் மண்ணெண்ணெய், பெற்றோல், அமிலம் ஆகியவற்றை விழுங்கியவரை ஒருபோதும் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. வெளியே வரும்போது அவை நுரையீரலுக்குள் செல்லும்." ஆவரங்காலுக்குக் கிட்டத்தான் அந்த வரி வரும். இருபது தரமாவது கேட்டிருப்பேன். கேட்டு என்ன? வாயைத் திறக்காமல் மந்திகை வரை போனேன்.

ஆசுபத்திரியில் டொக்டர் பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். தங்கமுத்து நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். அவர் ஒருமுறை அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நேர்சுக்கு இங்கிலிசில் இரண்டு வசனம் சொன்னார். வெளியில் காயக்காரரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் போய்விட்டார். அந்த இரண்டு வசனமும் கிளரன்சுக்கு விளங்கியது. எனக்கு அரைகுறையாக விளங்கியது. விளங்க வேண்டியவளுக்கு விளங்கவில்லை.

யசோ ஒன்பது நாள் வார்ட்டில் கிடந்தாள். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். நாலாம் நாள் பிள்ளை தப்பாது என்றே நினைத்தார்கள். அந்த ஒன்பது நாளும் கிளரன்ஸ் காலையும் மாலையும் மந்திகையில் காரை நிற்பாட்டினார். உண்மையாகவே எஞ்சினை நிற்பாட்டி உள்ளே போனார். பெற்றோல் போத்தல் அடிமட்டத்துக்கு வந்தது. கசெற்றை அவர் திரும்பப் போடவில்லை. காருக்குள் ஒரே அமைதி. காலையில் அமைதி வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருந்த எனக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

பிள்ளை தேறிவிட்டாள். எட்டாம் நாள் பாணும் தேத்தண்ணியும் கேட்டாள். அவள் வீடு வந்த மறுநாளே தங்கமுத்து மீன் எடுக்க வந்துவிட்டாள். வேறு வழி இல்லை. வந்தவள் ஒரு பெரிய விளைமீனைப் பூவரசம் இலையில் சுற்றிக் கிளரன்சின் கையில் வைத்தாள்.

"ரீச்சருக்கு. அவவின்ரை புண்ணியத்தாலைதான் என்ரை பிள்ளை தப்பினது."

கிளரன்ஸ் வாங்கிக்கொண்டார். வாங்காமல் விட ஒரு காரணம் சொல்ல வேண்டும் அல்லவா? அடுத்த நாளும் மீன் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது.

மீனோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவள் அதைச் சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "மண்ணெண்ணை குடிச்சால் பயப்பிடாதேங்கோ. உப்புத்தண்ணி குடுத்துச் சத்தி எடுக்கப் பண்ணுங்கோ. கசெற்றிலை படிச்ச ரீச்சர் சொன்னது. என்ரை பிள்ளையே சாட்சி." அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தல் இல்லாத அடுப்படி எது? தண்ணீருக்கும் சோடாப் போத்தல், விளக்குக்கும் சோடாப் போத்தல். ஒருத்தி மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் உப்புச் சிரட்டையும் வைத்துவிட்டாளாம். அதையும் தங்கமுத்துதான் சந்தோசமாக எங்களுக்குச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சுகிர்தம் ரீச்சர் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினா. போனேன். விறாந்தையில் கிளரன்ஸ் நோட்சை மடியில் வைத்துக்கொண்டு, வாசிக்காமல் இருந்தார். மறுநாள் சோதனை. ரீச்சர் எனக்குப் பனங்கட்டியோடு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. குசினி வாசலில் அன்றைய விளைமீன் செதில்கூட உரிக்காமல் கிடந்தது.

"ராசநாயகம் அண்ணை, நீங்களும் கேளுங்கோ" என்றா ரீச்சர். "மூண்டு நாளா மீன் வருது. நான் ஒண்டையும் சட்டியிலை போடேல்லை. எனக்குத் தொண்டைக்குள்ளை இறங்காது. பூனைக்குக் குடுக்கிறன். அவளுக்கு உண்மையைச் சொல்லுங்கோ எண்டு இவரிட்டைக் கெஞ்சுறன்."

"சொல்லுவன் எண்டுதானே சொல்லுறன்" என்றார் கிளரன்ஸ். "நாளைக்குச் சோதினை. திங்கக்கிழமை சொல்லுறன்."

"திங்கக்கிழமைக்குள்ளை இன்னொரு பிள்ளை குடிச்சால்?"

"ஏன் அப்பிடி நினைக்கிறீர்?"

"அடுப்படியிலை நிக்கிறவள் நான். எனக்குத் தெரியும், எவ்வளவு நேரத்திலை ஒரு பிள்ளை போத்திலை எடுக்குமெண்டு."

கிளரன்ஸ் நோட்சை நிலத்தில் வைத்தார். "நீர் சொல்லுறது சரி, சுகிர்தம். ஆனால் யோசியும். நாளைக்குக் காரிலை வைச்சு அவளுக்குச் சொன்னால் பின்னேரத்துக்கிடையிலை அச்சுவேலி முழுக்கத் தெரியும். கிளரன்சின்ரை பாடத்தாலை ஒரு பிள்ளை சாகக் கிடந்தது எண்டு. பருத்தித்துறைக்கு வர எவ்வளவு நேரம்? பாஸ் பண்ணிக் கடையைத் திறந்தாலும் ஆர் என்னட்டை மருந்து வாங்குவினம்?"

"அதுக்காக?"

"நான் ஒண்டும் சும்மா இருக்கேல்லை. ஆசுபத்திரிக்கு நாளுக்கு ரெண்டு தரம் போனனான்."

"போனியள். போய் என்ன சொன்னியள்? அவளின்ரை தலையைத் தடவினியள். அவ்வளவுதானே?"

கிளரன்ஸ் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணியைப் பார்த்தேன்.

"அது உங்கடை பாடமில்லை" என்றா ரீச்சர். "என்ரை குரல். ஆட்டைப் பிடிக்க ஓடினது நான். ஓடமுதல் அந்த ஒரு வசனத்தை வாசிச்சிருக்கலாம். நோட்சிலை அடுத்த ஒற்றையிலைதான் இருந்தது. பயித்தங்கொடி பெரிசாத் தெரிஞ்சுது எனக்கு. நாளைக்கு நீங்கள் சொல்லாட்டி நான் பஸ்ஸிலை போய் அவளின்ரை வீட்டிலை சொல்லுவன்."

"நீர் ஒரு இடமும் போக வேண்டாம்."

"அப்ப நீங்கள் சொல்லுறியளா?"

கிளரன்ஸ் எழுந்து முற்றத்துக்குப் போனார். காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். ரயரைக் காலால் தட்டிப் பார்த்தார். திரும்பி வந்து இருந்தார். திரும்பவும் எழுந்து போனார். நான் தேத்தண்ணியை அரைவாசியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். இருபது தரம் கேட்டும் வாயைத் திறக்காதவன் நான்தானே.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. கிளரன்ஸ் வெள்ளைச் சேட்டும் கலியாணத்துக்குத் தைத்த களிசானும் போட்டிருந்தார். பொக்கற்றில் இரண்டு பேனை. ரீச்சர் கேற்றடிக்கு வந்து அவருடைய நெற்றியில் சிலுவை போட்டா. அவர் போத்தலில் மிஞ்சியிருந்த கடைசிப் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காரைக் கிளப்பினார். பிறகு, இரண்டு கிழமைக்குப் பின் முதல் தடவையாக, கசெற்றைப் போட்டார்.

"இண்டைக்கு எழும்பிட்டுது கசெற்று!" என்று தங்கமுத்து சந்தோசப்பட்டாள். "அண்ணை, நல்லா எழுதுங்கோ. பிள்ளையார் துணை. உங்களுக்கு அந்தோனியார் துணை." பின்சீற்றில் என்னோடு சங்கானைக்குப் போகிற புகையிலைத் தரகர் இருவர் இருந்தார்கள். அவர்களுக்கும் அவள் யசோவின் கதையைச் சொன்னாள். உப்புத்தண்ணி, இரண்டு தரம் சத்தி, கசெற் சொன்னது. அவர்கள் தலையை ஆட்டி நல்ல விசயம் என்றார்கள்.

வல்லை வெளியில் காற்று அடித்தது. ரீச்சர் வாந்தி எடுக்கச் செய்தல் வேண்டும் என்றா. ஆடு வந்தது. தங்கமுத்து வழக்கம் போலச் சிரித்துக்கொண்டு கதவுப் பிடியில் கையை வைத்தாள். அச்சுவேலிச் சந்தியில் கார் ஓரம் கட்டியது. கிளரன்ஸ் கையை நீட்டி அந்தக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"இறங்காதையும், தங்கமுத்து. பாடம் முடியேல்லை. மிச்சத்தையும் கேட்டிட்டுப் போம்."

அவள் அவரைப் பார்த்தாள். எங்களையும் திரும்பிப் பார்த்தாள். கசெற்றில் எஞ்சின் ஓடியது, வெளியிலும் எஞ்சின் ஓடியது. "பிடி, பிடி" என்று தூரத்தில் குரல் கேட்டது. அந்த நாலு நிமிடமும் கிளரன்ஸ் கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. கதவு அடிபட்டது. ரீச்சர் மூச்சு வாங்க வந்து அமர்ந்தா. கடதாசி ஒற்றை புரளும் சத்தம்.

"ஆனால் மண்ணெண்ணெய்..."

தங்கமுத்து கடைசிச் சொல் வரைக்கும் கேட்டாள். "அப்படியே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்" என்றதும் கிளரன்ஸ் கசெற்றை நிற்பாட்டினார்.

"அப்ப நான்தானே..." என்றாள் அவள். "நான்தானே என்ரை கையாலை..."

"நீர் இல்லை. உமக்கு அரைப் பாடத்தைச் சொல்லிப்போட்டு, தெரிஞ்ச பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தது நான்."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அண்டைக்கு நீர் காரிலை ஏறினவுடனையே."

அவள் முகம் கறுத்தது. "தெரிஞ்சுகொண்டே என்ரை கையாலை மீன் வாங்கினியளே, அண்ணை. மூண்டு நாள். நான் நல்ல மீனாத் தெரிஞ்செடுத்துத் தந்தன்." கிளரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். பின்சீற்றுக்காரர் இருவரும் மெல்ல இறங்கிச் சந்தியில் பஸ் பார்க்கப் போய்விட்டார்கள். நான் இறங்கவில்லை. "எனக்கும் தெரியும், தங்கமுத்து" என்றேன். அவள் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. அது எனக்குத் தகும்.

தான் இதைச் சொன்ன, சின்னப் பிள்ளை இருக்கிற வீடுகளை எண்ணி அவள் விரலை மடக்கத் தொடங்கினாள். பூரணத்தின் வீடு, சந்தைக்குப் பின்னால் தையல்காரி, கிணற்றடி வீட்டுக்காரர். ஏழு வீடு வந்தது.

"நான் போய் மாத்திச் சொன்னால் நம்பாதுகள். விசர் கதைக்கிறாள் எண்டு சொல்லுவினம். கசெற்றிலை சொன்னதெண்டுதானே சொன்னனான்? கசெற்றுத்தான் மாத்திச் சொல்ல வேணும். விடுங்கோ காரை. வீடு வீடாப் போட்டுக் காட்டுங்கோ."

கிளரன்ஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். ஏழேகால். சோதனை ஒன்பது மணிக்கு. ஒன்பதரைக்குப் பிறகு மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். காரை ஒடுங்கிய ஒழுங்கைக்குள் திருப்பினார்.

கேற்றடியில் கார் நிற்கும். எஞ்சின் ஓடும். தங்கமுத்து இறங்கிப்போய் வீட்டுக்காரரைக் காரடிக்குக் கூட்டிக்கொண்டு வருவாள். கிளரன்ஸ் பேனையால் கசெற்றைச் சுழற்றி உப்புநீர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவார். பேனைக் கணக்கில் அந்த இடத்தைப் பிடிப்பது இலேசான வேலை அல்ல. முன்னுக்கோ பின்னுக்கோ போய்விடும். அப்புறம் ஆடு வரும். ஒவ்வொரு வீட்டிலும் ஆட்டுக்குச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தவர்களைத் தங்கமுத்து கையைப் பிடித்து நிற்பாட்டினாள். "நில்லுங்கோ. இனித்தான் பாடம்."

பூரணம் கேட்டுவிட்டு, உள்ளே போய் உப்புச் சிரட்டையைக் கொண்டுவந்து வேலியடியில் கொட்டினாள். கிணற்றடி வீட்டுக்காரருக்குக் காது மந்தம். அவருக்கு இரண்டு தரம் போட வேண்டியிருந்தது. ஒழுங்கைச் சேற்றில் பின்சில்லுப் புதைந்து, ஆறு பேர் சேர்ந்து தள்ளினோம். கிளரன்சின் வெள்ளைச் சேட்டு முதுகு முழுக்கச் சேறு.

நாலாவது வீடு முடிய எட்டரை. நான் பொறுக்காமல் கத்தினேன்.

"கிளரன்ஸ், இப்ப வெளிக்கிட்டாலும் ஒன்பதரைக்குள்ளை போயிடலாம்!"

தங்கமுத்துவுக்கும் அது தெரியும். அவள் குரல் இறங்கிவிட்டது. "ஓமண்ணை. நீங்கள் போங்கோ. மிச்சம் மூண்டு வீட்டையும் பின்னேரம் வந்து பாப்பம். உங்கடை கடையெல்லே."

கிளரன்ஸ் கொஞ்ச நேரம் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டணத்துக்குப் போகிற றோட்டு. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. பதினாறு வருடம் மற்றவன் லைசென்சில் மருந்து கட்டிய மனுசனின் முகம் அது. அவருக்கு அழுகை வந்தது. அதை மறைக்க அவர் முயலவும் இல்லை.

"பின்னேரத்துக்குள்ளை ஒரு பிள்ளை குடிச்சால்?" என்றார். "அடுத்த வீட்டைக் காட்டும்."

ஏழாவது வீடு முடிந்து சந்தைக்கு வந்தபோது ஒன்பது நாற்பது. டிக்கியில் இருந்த மீன் பழுதாகத் தொடங்கிவிட்டது. நான் இறங்கிப் பெட்டியை இறக்கி வைத்தேன். அந்தப் பெட்டியை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. கசெற் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நச்சுப் பாடம் எப்போதோ முடிந்து, மருந்துகளை எப்படிப் பூட்டி வைப்பது என்று ரீச்சர் வாசித்துக்கொண்டிருந்தா. தங்கமுத்து முன்சீற்றை விட்டு அசையவில்லை.

"இது வேறை பாடம், தங்கமுத்து" என்றார் கிளரன்ஸ். "உமக்குத் தேவையில்லை. மீன் கெட்டுப்போகுது, இறங்கும்."

"எந்தப் பாடமெண்டாலும் முடியட்டும்."

சந்தைச் சனம் காரைச் சுற்றி விலத்திக்கொண்டு போனது. யாரோ மீன் விலை கேட்டார்கள். அவள் கசெற்றிலேயே காதை வைத்திருந்தாள். இருவரும் முன்னால் பார்த்தபடி, வைத்தியசாலை மணியடிக்கக் காத்திருக்கிறவர்களைப் போல இருந்தார்கள். ரீச்சர் கடைசி ஒற்றையை வாசித்து முடித்தா. அதற்குப் பின் கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும். கசெற் 'டக்' என்று நின்றது. அப்போதுதான் தங்கமுத்து கதவைத் திறந்து இறங்கினாள்.

கிளரன்ஸ் கையை நீட்டித் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிற்பாட்டினார்.